ஃபேவரிட் நல்ல குதிரைதான், விலைதான் இடிக்குது: மெல்பர்ன் கப் கேள்வி-பதில்

நவம்பர் முதல் செவ்வாய் நெருங்குது, மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம் அன்னிக்குத்தான், அதனால இந்தத் தடவை வந்த கேள்வியில முக்கால்வாசி குதிரையைப் பத்திதான். விசா கேள்வி, ஸ்கூல் கேள்வி, மாமியார் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிருக்கேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், சுத்தி வளைக்காம ஒரே ஒரு பேர் சொல்லுங்க. கப் எந்தக் குதிரைக்கு? (ஒரு வாசகர், டாண்டினாங்)

சொல்ல மாட்டேன். இது அச்சுக்குப் போறப்போ ஓடப்போற 24 குதிரை யாருன்னே முடிவாகியிருக்காது. கப்புக்கு முந்தின சனிக்கிழமை டெர்பி டே ரேஸ் முடிஞ்சப்புறம்தான் லிஸ்ட் ஃபைனல் ஆகும், பேரியரும் (எந்தக் குதிரை எந்தக் கட்டத்துலேந்து கிளம்பும்ங்கற நம்பர்) அப்பதான். அந்த சனிக்கிழமை ஒரு ரேஸ்ல ஜெயிச்சு கடைசி நேரத்துல உள்ள நுழையுற குதிரையும் உண்டு, 2009-ல ஷாக்கிங் அப்படித்தான் சனிக்கிழமை ஜெயிச்சு செவ்வாய்க்கிழமை கப்பையும் தூக்கிட்டு போச்சு. அதுக்கு முன்னாடியே ஒரு பேரைப் புடிச்சுத் தொங்குறது வேண்டாத வேலை. அதோட முன்கூட்டியே போடுற "ஆல்-இன்" பெட்ல குதிரை ஓடலேன்னா காசு திரும்ப வராது, இது தெரியாமலே நிறைய பேர் ஆகஸ்ட்லயே போட்டுட்டு அக்டோபர்ல தலையில கை வச்சு உக்காந்துடறாங்க.

கேள்வியையே கொஞ்சம் மாத்திக்கோங்க. "இது ஜெயிக்குமா"ன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. "பெட்டிங் கடைக்காரங்க குடுக்கற விலைக்கு இது தேறுமா"ன்னு கேட்டா உக்காந்து யோசிக்க விஷயம் இருக்கு. கீழ வர்ற பாதி பதில் அதைப் பத்திதான்.

கேள்வி: 2021-ல இன்சென்டிவைஸ் மேல போட்டேன், போச்சு. 2023-ல வோபான் மேல போட்டேன், அதுவும் போச்சு. ரெண்டுமே ஃபேவரிட். கப்ல ஃபேவரிட்னாலே ராசி இல்லையா? (ஒரு வாசகர், வென்ட்வொர்த்வில்)

ராசியெல்லாம் ஒண்ணும் இல்லை. ஃபேவரிட்னா ரொம்பப் பேர் பணம் போட்டு விலை குறைஞ்சுபோன குதிரை, அவ்வளவுதான். 2013-ல ஃபியோரென்டே ஃபேவரிட்டா வந்து ஜெயிச்சுச்சு, 1930-ல ஃபார் லாப் 8/11 விலையில, அதாவது போட்ட காசை விடக் குறைவாத்தான் லாபம் கிடைக்கும்ங்கற நிலைமையில வந்து ஜெயிச்சுது. ஃபேவரிட் ஜெயிக்கும், ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு அடிக்கடி ஜெயிக்காது, அங்கதான் சிக்கல்.

விலையைத் தலைகீழாப் போட்டுப் பாருங்க. ஒரு குதிரைக்கு 4 டாலர்னு போட்டிருந்தா (ஒரு டாலர் போட்டு அது ஜெயிச்சா 4 டாலர் கைக்கு வரும்னு அர்த்தம்) 1-ஐ 4-ஆல வகுங்க, 25 சதவீதம். அதாவது இதே ரேஸை நாலு தடவை ஓட்டினா அது ஒரு தடவை ஜெயிக்கணும், அப்பதான் உங்களுக்குக் கைநஷ்டம் இல்லை. 3 டாலர்னா மூணுல ஒண்ணு. இப்ப நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, 24 குதிரை, 3200 மீட்டர், அதுல நிறைய குதிரை இவ்வளவு தூரம் ஓடியே பாத்திருக்காது, எல்லாத்துக்கும் வேற வேற எடை, நடுவுல ஒரு குதிரை மாட்டிக்கிட்டு வழி கிடைக்காமப் போறதுக்கு நூறு காரணம் இருக்கு, இப்படி ஒரு ரேஸ்ல எந்தக் குதிரையை மூணுல ஒரு தடவை ஜெயிக்கும்னு சொல்லுவீங்க? எப்பவாவது இருக்கும். வருஷா வருஷம் இருக்காது.

இன்சென்டிவைஸ் மோசமான குதிரை இல்லை, மெல்பர்ன் கப்புக்கு முன்னாடி நடக்கற பெரிய ரேஸான காஃபீல்ட் கப்பை அடிச்சு நொறுக்கிட்டு வந்துச்சு, மெல்பர்ன் கப்லயும் ரெண்டாவது வந்துச்சு, வெரி எலிகன்ட்ங்கற பெண் குதிரை அன்னிக்கு நாலு லெங்த் (ஒரு லெங்த்னா ஒரு குதிரை நீளம்) முன்னாடி போயிட்டா, அவ்வளவுதான். வோபான் கதை வேற. இங்கிலாந்துல ராயல் ஆஸ்காட்ல ஏழரை லெங்த்ல ஜெயிச்ச வீடியோவை ஊரே பாத்துச்சு, எல்லாரும் பாத்த வீடியோவுக்கு விலை மிச்சம் இருக்குமா? இங்க ஒரு ரேஸ்கூட ஓடாம நேரா கப்புக்கு வந்து 14-ஆவதா முடிச்சுது. குதிரையைப் பத்தி உங்க கணிப்பு தப்புன்னு சொல்ல மாட்டேன், அந்த விலைக்கு அது பொருள் இல்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க, ஒரே ஒரு தடவை போட்டா போதும். 24 குதிரையோட விலையையும் இதே மாதிரி சதவீதமாக்கிக் கூட்டுங்க. 100 வரணும் இல்லையா? வராது, நூத்துச் சொச்சம் வரும். அந்தச் சொச்சம்தான் கடைக்காரர் லாபம். எந்தக் குதிரை ஜெயிச்சாலும் அவர் சாப்பிட்டுடுவார்.

கேள்வி: அண்ணை, எங்கட வேலையிடத்தில ஆளுக்கு அஞ்சு டொலர் போட்டுத் துண்டு எடுக்கிறனாங்கள். போன முறை எனக்கு வந்த குதிரையிட பேர்கூட வாயுக்க நுழையேல்லை, அது கடைசியா வந்தது. ஸ்வீப்பில வெல்லுறதுக்கு ஏதும் வழி இருக்கோ? (ஒரு வாசகி, பென்டில் ஹில்)

இல்லை தங்கச்சி, துண்டு எடுக்கறதுல எந்த வித்தையும் இல்லை, கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, அன்னிக்கு ஆஸ்திரேலியாவுல நடக்கிற அத்தனை பந்தயத்துலயும் உங்க ஆபீஸ் ஸ்வீப்தான் நியாயமானது. 24 பேர் அஞ்சு டாலர் போட்டா 120 டாலர், அந்த 120-உம் போட்டவங்களுக்கே திரும்பி வருது, நடுவுல யாரும் கை வைக்கறதில்லை. பேர் வாயில நுழையலேன்னா நம்பரைச் சொல்லிக் கத்துங்க. கடைசியா வர்ற குதிரைக்கும் போட்ட காசைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் சில ஆபீஸ்ல இருக்கு, உங்க ஆபீஸ்லயும் கேட்டுப் பாருங்க.

கேள்வி: எடை எடைன்னு சொல்றாங்களே, அது என்ன? நல்ல குதிரைக்கு ஏன் தண்டனை மாதிரி கூடுதல் எடை? அதிக எடை உள்ளதை விட்டுட்டு லேசான எடை உள்ளதைப் பாக்கறதுதானே புத்திசாலித்தனம்? (ஒரு வாசகர், கிளென் வேவர்லி)

மெல்பர்ன் கப் ஹேண்டிகேப் ரேஸ். இதுவரைக்கும் என்ன சாதிச்சிருக்குன்னு பாத்து ஹேண்டிகேப்பர் ஒவ்வொரு குதிரைக்கும் எடை போடுவார், குறைஞ்சது 50 கிலோ, நல்ல குதிரைக்கு அதுக்கு மேல ஏறிட்டே போகும். ஜாக்கி, சேணம், பத்தலைன்னா ஈயம், எல்லாம் சேர்ந்து அந்த எடை. நோக்கம் என்னன்னா எல்லாக் குதிரையும் ஒரே நேரத்துல கோட்டைத் தொடணும். அப்படி நடக்காது, ஆனா அதுக்குத்தான் முயற்சி.

மேக்கிபி டீவாங்கற பெண் குதிரையைப் பாருங்க, இதைவிடத் தெளிவா யாராலயும் சொல்ல முடியாது. 2003-ல 51 கிலோவோட ஜெயிச்சா. மறு வருஷம் 55.5. அதுக்கடுத்த வருஷம் 2005-ல 58 கிலோ. ஒவ்வொரு தடவையும் முதுகுல ஏத்திக்கிட்டே போனாங்க, அவ மூணு தடவையும் ஜெயிச்சுட்டுப் போய்க்கிட்டே இருந்தா. இன்னொரு பக்கம் ஃபார் லாப், 1931-ல 68 கிலோ ஏத்தினாங்க, எட்டாவதுதான் வர முடிஞ்சுது. 1890-ல கார்பைன் 66 கிலோவோட 39 குதிரை ஓடின ரேஸ்ல ஜெயிச்சிருக்கு, எடை தூக்கி ஜெயிச்சதுல இன்னிக்கு வரைக்கும் அதுதான் ரெக்கார்டு.

லேசான எடையை மட்டும் பாக்கறது புத்திசாலித்தனமான்னா, ஓரளவுக்குத்தான். 50, 51 கிலோவுல வர்ற குதிரையில ரெண்டு ஜாதி. ஒண்ணு, இன்னும் திறமை வெளிய வராத இளசு. 2017 ரீகிண்ட்லிங், 2018 கிராஸ் கவுன்டர், ரெண்டுமே வட அரைக்கோளக் கணக்குல மூணே வயசு, லேசான எடையில வந்து அள்ளிட்டுப் போச்சுங்க. இன்னொண்ணு, திறமையே இல்லாததால லேசா இருக்கறது. லிஸ்ட்ல இந்த ரெண்டாவது ஜாதிதான் எப்பவும் அதிகம். அதே நேரம் 2021-ல வெரி எலிகன்ட் 57, 2022-ல கோல்ட் ட்ரிப் 57.5, ரெண்டுமே பாரம் சுமந்து ஜெயிச்சதுதான். எடை நம்பரைப் பாத்துப் பயப்படாதீங்க.

எடையை எங்க உபயோகப்படுத்தணும்னா ரெண்டு குதிரையை ஒப்பிடறப்போ. சும்மா உதாரணத்துக்கு, காஃபீல்ட் கப்ல அ-ங்கற குதிரை ஆ-வை அரை லெங்த்ல ஜெயிச்சுதுன்னு வைங்க. ரெண்டும் 54 கிலோ. ஜெயிச்சதுக்கு அபராதமா அ-வுக்கு மெல்பர்ன் கப்ல ஒன்றரை கிலோ ஏத்திட்டாங்க, ஆ அப்படியே 54. ஒன்றரை கிலோவுக்கு ஒரு லெங்த்ங்கறது ரேஸ்காரங்க ரொம்ப நாளா வச்சிருக்கற பேச்சுக் கணக்கு. அந்தக் கணக்குல பாத்தா அரை லெங்த் பின்னாடி இருந்த ஆ இப்ப அரை லெங்த் முன்னாடி. ஆனா விலைப் பலகையில அ 6 டாலர், ஆ 15 டாலர்னு இருக்கும், ஏன்னா ஜெயிச்ச பேர்தான் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கு. இந்த மாதிரி இடத்துலதான் நீங்க மூக்கை நுழைக்கணும். இதையும் கண்ணை மூடிட்டுப் பண்ண முடியாது, 2023-ல வித்அவுட் எ ஃபைட், 2025-ல ஹாஃப் யுவர்ஸ், ரெண்டும் காஃபீல்ட் கப் ஜெயிச்சுட்டு வந்து மெல்பர்ன் கப்பையும் ஜெயிச்சதுதான். நெசமாவே முன்னேறிட்டு இருக்கற குதிரைக்கு ஒன்றரை கிலோ ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: ஃபார்ம் கைடைத் திறந்தா 70x932-ன்னு என்னமோ பாஸ்வேர்டு மாதிரி இருக்கு. எப்படிப் படிக்கறது? (ஒரு வாசகி, பாக்ஸ் ஹில்)

ஃபார்ம் கைடுன்னா ஒவ்வொரு குதிரையும் இதுக்கு முன்னாடி ஓடின கணக்கு. இடமிருந்து வலம் படிங்க, வலது ஓரத்துல இருக்கறது கடைசியா ஓடினது. நம்பர் எத்தனாவதா வந்துச்சுன்னு காட்டுது, 0-ன்னா பத்தாவதோ அதுக்கும் பின்னாடியோ, x-ன்னா நடுவுல மூணு மாசத்துக்கு மேல ரெஸ்ட். உங்க உதாரணத்துல ரெஸ்ட்லேந்து வந்து ஒன்பது, மூணு, ரெண்டு. ஒவ்வொரு ரேஸுக்கும் ஏறிட்டு வருது, எனக்குப் பிடிச்ச மாதிரி ஃபார்ம்.

ஆனா நம்பரோட நிக்காதீங்க. அது எவ்வளவு தூரம் ஓடினப்போ வந்த நம்பர்னு பாருங்க. 3200 மீட்டருக்குத் தயாராகுற குதிரையை டிரெய்னர் 1600, 2000, 2400னு படிப்படியா ஏத்திட்டு வருவார், சின்ன தூரத்துல அது தோக்கறது பெரிய விஷயமே இல்லை. கோல்ட் ட்ரிப் 2022-ல 2040 மீட்டர் காக்ஸ் பிளேட்ல ஒன்பதாவது, அடுத்து ஓடினது கப், முதல் இடம். அந்த ஒன்பதை மட்டும் பாத்தவங்க பக்கத்தைத் திருப்பிட்டாங்க, அதுக்கு முந்தின ரேஸ்ல காஃபீல்ட் கப்ல ரெண்டாவது வந்ததைப் பாத்தவங்க அந்தப் பக்கத்துலயே நின்னாங்க.

2015-ல பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் 100-க்கு 1 விலையில ஜெயிச்சு மிஷெல் பெய்ன் கப் ஜெயிச்ச முதல் பெண் ஜாக்கி ஆனாங்களே, அதை எல்லாரும் அதிசயம்னு சொல்றாங்க. 53 கிலோ, பேரியர் 1, முந்தின ரேஸ் மூனி வேலி கப்ல ரெண்டாவது. ஜெயிக்கும்னு சொல்ல முடியாதுதான், ஆனா 100-க்கு 1 குடுக்கற அளவுக்கு மோசமான குதிரையும் இல்லை. (பேரியர் 1-ஐ குலுக்கல்ல எடுத்ததே மிஷெலோட அண்ணன் ஸ்டீவன்தான், குதிரையைப் பாத்துக்கறவரும் அவரேதான். இதுக்கு ஃபார்ம் கைடுல எந்தக் கட்டமும் கிடையாது.)

நேரம் இருந்தா கடைசி ரெண்டு ரேஸோட வீடியோவைப் பாருங்க, கடைசி 400 மீட்டரை மட்டும். எத்தனாவது வந்துச்சுங்கறதை மறந்துடுங்க, கோட்டைத் தாண்டினப்புறமும் ஓடிட்டே இருக்கா, இல்ல கோட்டுக்கு முன்னாடியே தலை மேல ஏறி காலடி குட்டையாகுதான்னு கவனிங்க. தூரம் தாங்குமான்னு ரொம்ப நல்லா காட்டிக் குடுக்கறது அதுதான்.

கேள்வி: பேரியர் 18-ல இருந்து எந்தக் குதிரையும் ஜெயிச்சதே இல்லைன்னு நண்பர் அடிச்சுச் சொல்றார். உண்மையா? (ஒரு வாசகர், டூங்காபி)

உங்க நண்பர் 2021-ஐப் பாக்கல போல. வெரி எலிகன்ட் 18-லேந்துதான் வந்தா. அதுவரைக்கும் அந்தப் பேச்சு ஓடிச்சு, அதோட முடிஞ்சுது.

ஃப்ளெமிங்டன்ல கப் ஆரம்பிக்கற இடத்தைப் பாத்தா பேரியருக்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லைன்னு புரியும். ஒரு சுத்து 2312 மீட்டர், ரேஸ் 3200, அதனால நேர்ப் பாதையில ஆரம்பிச்சு ஜனங்க முன்னாடி வின்னிங் போஸ்ட்டை ஒரு தடவை தாண்டிப் போய்த்தான் முதல் வளைவே வருது. வெளியில மாட்டின குதிரைக்கு உள்ள வந்து சேர இடமும் நேரமும் இருக்கு. ஆனா உள்ள வந்து சேர ஜாக்கி வேணும், சேராம முழுச் சுத்தும் நாலாவது வரிசையில வெளியிலயே ஓடினா எந்தக் குதிரைக்கும் மூச்சு வாங்கும். பேரியர் நம்பரை விட யார் மேல உக்காந்திருக்காங்கன்னு பாருங்க.

கேள்வி: ஜாக்கி அவ்வளவு முக்கியமா? ஓடறது குதிரைதானே. (ஒரு வாசகர், வெர்ரிபி)

ஓடறது குதிரைதான். ஆனா ஒரு பெரிய ஜாக்கிக்கு ரெண்டு குதிரை கைவசம் இருந்து அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா அது ஒரு தகவல். மார்க் ஸாரா 2022-ல கோல்ட் ட்ரிப் மேல ஜெயிச்சவர், மறு வருஷம் அதை விட்டுட்டு வித்அவுட் எ ஃபைட் மேல ஏறினார், திரும்ப ஜெயிச்சார். போன வருஷம் கப் வாங்கிக் குடுத்த குதிரையை ஒருத்தர் விடறார்னா சும்மா விடமாட்டார்.

கேள்வி: ஐரோப்பாவுலேந்து வர்ற குதிரைதான் எப்பவும் ஜெயிக்குதுன்னு ஒரு கட்சி, இங்கத்திக் குதிரைதான்னு ஒரு கட்சி. நீங்க எந்தக் கட்சி? (ஒரு வாசகர், வெஸ்ட்மீட்)

விலைக் கட்சி. 1993-ல அயர்லாந்து குதிரை வின்டேஜ் கிராப் வந்து ஜெயிச்சதுலேந்து வெளிநாட்டுக் குதிரைக்குப் பெரிய மவுசு, 2006-ல ஜப்பான்லேந்து டெல்டா ப்ளூஸும் பாப் ராக்கும் வந்து முதல் ரெண்டு இடத்தையும் எடுத்துட்டுப் போயிடுச்சு, ரெண்டுக்கும் ஒரே டிரெய்னர். அங்க நீண்ட தூரம் ஓடற குதிரையை வளக்கறாங்க, இங்க வேகத்துக்குத்தான் வளக்கறாங்க, அதனால அங்கேந்து வர்றதுக்கு 3200 தாங்கும்ங்கறது உண்மைதான். ஆனா வந்த உடனே ஓடறது ஒண்ணு, இங்கயே வந்து தங்கி ஒரு வருஷம் தண்ணி பழகி ஓடறது ஒண்ணு. வித்அவுட் எ ஃபைட் 2022-ல இங்கிலாந்துலேந்து வந்து 13-ஆவது, அப்புறம் இங்கயே ஒரு தொழுவத்துக்கு மாறி மறு வருஷம் முதலாவது. எனக்கு இந்த ரெண்டாவது வகைதான் பிடிக்கும்.

அப்புறம் வம்சாவளியைப் பாத்துத் தீர்ப்பு சொல்றவங்களுக்கு 2024 நல்லா ஒரு குட்டு வச்சுது. நைட்ஸ் சாய்ஸோட அப்பா எக்ஸ்ட்ரீம் சாய்ஸ், குறுகிய தூரத்துல பறந்த குதிரை, அதோட புள்ளை 3200 தாங்குமான்னு சிரிச்சாங்க. 90-க்கு 1 விலையில வந்து ஜப்பான் குதிரை வார்ப் ஸ்பீடை மூக்கு நுனியில ஜெயிச்சுது. வம்சாவளி சந்தேகத்தைக் கிளப்பும், முடிவைச் சொல்லாது.

கேள்வி: என் பையன் பிறந்த தேதி 7. குதிரை நம்பர் 7 போடலாமா, இல்ல அதோட பிறந்தநாளைப் பாத்துப் பொருத்தம் பாக்கணுமா? (ஒரு வாசகி, கிரேன்பர்ன்)

அம்மா, ஆஸ்திரேலியாவுல பிறந்த எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஆகஸ்ட் 1-தான் பிறந்தநாள், வடக்கே பிறந்ததுக்கெல்லாம் ஜனவரி 1. ரேஸ் நிர்வாகம் அப்படித்தான் வயசு கணக்குப் போடுது. ஒரே ஜாதகத்துல 24 குதிரை ஓடினா எந்த ஜோசியரும் கையை விரிச்சுடுவார். ரெண்டு டாலர்னா 7-ல போடுங்க, பையனும் சந்தோஷப்படுவான்.

கேள்வி: ட்ரைஃபெக்டா அடிச்சா ஆயிரக்கணக்குல வருதாமே. பாக்ஸ் பண்ணினா சுலபம்ங்கறாங்க. என்ன கணக்கு? (ஒரு வாசகர், ட்ருகனினா)

ட்ரைஃபெக்டான்னா முதல் மூணு குதிரையையும் சரியான வரிசையில சொல்லணும். 24 குதிரையில அப்படி எத்தனை வரிசை சாத்தியம்னா 24 பெருக்கல் 23 பெருக்கல் 22, மொத்தம் 12,144. ஆயிரக்கணக்குல ஏன் வருதுன்னு இப்ப புரியுதா.

பாக்ஸ்னா நீங்க சொல்ற குதிரைங்க எந்த வரிசையில வந்தாலும் சரி. மூணு குதிரையை பாக்ஸ் பண்ணினா 6 வரிசை, நாலுன்னா 24, அஞ்சுன்னா 60, ஆறுன்னா 120. வரிசைக்கு ஒரு டாலர்னா ஆறு குதிரைக்கு 120 டாலர் கையை விட்டுப் போகும். அவ்வளவு வேண்டாம்னா ஃப்ளெக்ஸி போடலாம், 24 வரிசைக்கு 12 டாலர் மட்டும் கட்டினா அடிச்சப்போ டிவிடெண்ட்ல (ஜெயிச்சா வர்ற பணத்துல) பாதி உங்களுக்கு. இதுல ஏமாத்து ஒண்ணும் இல்லை, ஆனா "ஆயிரம் ரூபா சேலை ஐநூறுக்கு"ன்னு நினைச்சு வாங்காதீங்க, பாதிக் காசுக்குப் பாதிச் சேலைதான்.

நான் பண்றதா இருந்தா குருட்டுத்தனமா பாக்ஸ் பண்ண மாட்டேன். ஜெயிக்கும்னு நம்பற ஒரு குதிரையை முதல் இடத்துல நிறுத்தி, ரெண்டு மூணாவது இடத்துக்கு அஞ்சு குதிரையைப் போடுவேன், அது 5 பெருக்கல் 4, வெறும் 20 வரிசைதான். மொத்தம் ஆறு குதிரை, பாக்ஸா இருந்தா 120. வித்தியாசத்தைப் பாருங்க. ஒரு அபிப்பிராயம் இருந்தாத்தான் இப்படி நிறுத்த முடியும், அபிப்பிராயமே இல்லேன்னா ட்ரைஃபெக்டா பக்கமே போகாதீங்க.

கேள்வி: ஈச்-வே நல்லதா, வின் நல்லதா? (ஒரு வாசகர், மவுன்ட் டிரூயிட்)

10 டாலர் ஈச்-வேன்னா 20 டாலர், பத்து வின்னுக்கு பத்து ப்ளேஸுக்கு, இதை கவுன்டர்ல போய்த் தெரிஞ்சுக்கிட்டு முழிக்கறவங்க உண்டு. ப்ளேஸ்னா முதல் மூணு இடம். 3, 4 டாலர் ஃபேவரிட்டுக்கு ஈச்-வே வேஸ்ட், ப்ளேஸ் பணம் போட்ட மொத்தத்தைக்கூட எடுத்துக் குடுக்காது. 15, 20 டாலருக்கு மேல இருக்கறதுக்குத்தான் அர்த்தம் உண்டு.

சில குதிரை ஜெயிக்கவே ஜெயிக்காது, ஆனா பக்கத்துல வந்து நிக்கும். ரெட் காடோ 2011, 2013, 2014 மூணு வருஷமும் ரெண்டாவது, அதுல 2011-ல ஃபோட்டோ பாத்துத்தான் டூனாடென் ஜெயிச்சதுன்னே சொன்னாங்க. பிரின்ஸ் ஆஃப் ஆரன் 2018-ல மூணாவது, 2019-ல ரெண்டாவது, 2020-ல திரும்ப மூணாவது. இதுங்க மேல வின் போட்டவன் மூணு வருஷமும் அழுதான், ப்ளேஸ் போட்டவன் மூணு வருஷமும் வாங்கினான்.

கேள்வி: மழை பெய்ஞ்சா? (ஒரு வாசகர், பெர்விக்)

எல்லாத்தையும் திரும்ப ஆரம்பத்துலேந்து பாருங்க. டிராக்குக்கு "குட்", "சாஃப்ட்", "ஹெவி"ன்னு நம்பரோட ரேட்டிங் போடுவாங்க, அன்னிக்குக் காலையில பாக்கணும், மெல்பர்ன் வானிலைக்கு மதியமும் ஒரு தடவை பாக்கணும். ஃபார்ம் கைடுல ஒவ்வொரு குதிரையும் ஈரத்துல எத்தனை ஓடி எத்தனை ஜெயிச்சுதுன்னு தனியா இருக்கும். கோல்ட் ட்ரிப் ஈரத்துலதான் ஜெயிச்சுது. ஈரம் ஆகாத ஃபேவரிட்டுக்கு மழை அன்னிக்கு விலை கொஞ்சம்தான் ஏறும், ஏறவேண்டிய அளவுக்கு ஏறாது, அன்னிக்கு அதை விட்டுடுங்க.

கேள்வி: ரேஸ்ல குதிரை செத்துப்போறதைப் பாத்தப்புறமும் இதுல காசு போடச் சொல்றீங்களே, மனசு கேக்குதா? (ஒரு வாசகி, பிரஸ்டன்)

காசு போடச் சொல்லலை, போடறவங்களுக்கு யோசிச்சுப் போடச் சொல்றேன். ஆனா உங்க கேள்வி நியாயமானது, மழுப்ப விரும்பல. 2014-ல ஃபேவரிட்டா வந்த அட்மையர் ராக்டி கடைசியா முடிச்சு, தொழுவத்துக்குத் திரும்பினதும் செத்துச்சு. 2020-ல ஆன்தனி வான் டைக் ரேஸ்லயே கால் போய் கருணைக்கொலை பண்ண வேண்டியதாச்சு. அதுக்கப்புறம் 2021-லேந்து வெளிநாட்டுக் குதிரைக்கெல்லாம் காலை சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்துத்தான் ஓட விடறாங்க, டாக்டர் வேண்டாம்னா வேண்டாம்தான், டிரெய்னர் சண்டை போட்டாலும் ஓட முடியாது. இது நல்ல மாற்றம், ஆனா ஆபத்தே இல்லைன்னு ஆக்கிடாது. இதுக்காக அன்னிக்கு டிவியே போடாதவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களை ஏளனம் பண்ண எனக்கு வாய் வராது.

கேள்வி: என் வீட்டுக்காரர் கப் அன்னிக்கு மட்டும்தான்னு ஆரம்பிச்சார். இப்ப சனிக்கிழமை ஆனா ஃபோனும் கையுமா பாத்ரூம்ல. வீட்டு லோன் கட்ட வச்சிருந்த காசும் குறையுது. கேட்டா "அடுத்த வாரம் எடுத்துடுவேன்"ங்கறார். (பேர் வேண்டாம்)

"எடுத்துடுவேன்"ங்கறது விளையாட்டுக்குப் போடறவன் பேச்சு இல்லை சகோதரி, விட்டதைத் துரத்தறவன் பேச்சு. மேல நான் எழுதின எடைக் கணக்கு, விலைக் கணக்கு எதுவும் அவருக்கு உதவாது, அதைப் படிச்சா இன்னும் நம்பிக்கையோட போடுவார், தயவுசெஞ்சு இந்தப் பக்கத்தை அவர்கிட்ட காட்டாதீங்க.

முதல் வேலை லோன் காசை அவர் கைக்கு எட்டாத தனிக் கணக்குக்கு மாத்துங்க, இன்னிக்கே. ரெண்டாவது, பெட்ஸ்டாப்னு அரசாங்கமே நடத்தற பதிவு 2023-லேந்து இருக்கு. அதுல பேர் குடுத்தா நாட்டுல லைசென்ஸ் உள்ள எந்த ஆன்லைன், ஃபோன் பெட்டிங் கம்பெனியும் அவரைச் சேத்துக்கக் கூடாது, விளம்பர மெசேஜ்கூட அனுப்பக் கூடாது, குறைஞ்சது மூணு மாசம், வேணும்னா வாழ்நாள் முழுக்க. ஆனா அவரே தான் பதியணும், நீங்க பதிய முடியாது. ஆன்லைன் பெட்டிங்குக்கு கிரெடிட் கார்டு 2024 ஜூன்லேந்து தடை, அதனால சேமிப்பைத்தான் தொடுவார், இல்ல கடன் கேப்பார், சொந்தக்காரங்க யார்கிட்டயாவது வாங்கியிருக்காரான்னு மெதுவா விசாரிங்க. சூதாட்டப் பிரச்சினைக்குன்னே இலவச கவுன்சலிங் இருக்கு, குடும்பத்துல இருக்கறவங்களும் போகலாம், அவர் வரலேன்னாலும் நீங்க போங்க. சண்டை போடறதா இருந்தா தோத்த ராத்திரி வேண்டாம், அன்னிக்கு அவர் காதுல எதுவும் ஏறாது.

கேள்வி: குதிரை மூணாவது வந்துச்சு, சந்தோஷத்துல சீட்டை எடுத்துட்டுப் போனா "இரு"ங்கறாங்க. ஏன்? (ஒரு வாசகர், பிளாக்டவுன்)

"கரெக்ட் வெயிட்"னு அறிவிக்கற வரைக்கும் ரேஸ் முடியலைன்னு அர்த்தம். திரும்பி வந்த ஜாக்கியை எடை போட்டுப் பாப்பாங்க, யாராவது இடைஞ்சல் பண்ணினதா புகார் இருந்தா விசாரிப்பாங்க. 2019-ல மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ரெண்டாவதா கோட்டைத் தொட்டுச்சு, புகார் வந்து நாலாவதுக்கு இறக்கினாங்க. அதை ரெண்டாவதா வச்சு ட்ரைஃபெக்டா போட்டவங்க ரெண்டு மூணு நிமிஷம் பணக்காரங்களா இருந்தாங்க. இதே காரணத்துக்காகத் தோத்த சீட்டையும் உடனே கிழிக்காதீங்க.

கேள்வி: ரேஸ் எத்தனை மணிக்கு? ஊர்ல அண்ணனும் பாக்கணுமாம். (ஒரு வாசகர், லோகன்)

மெல்பர்ன்ல மதியம் 3 மணி. நீங்க குயின்ஸ்லாந்து, அங்க கடிகாரத்தை மாத்தறதில்லை, அதனால உங்களுக்கு 2 மணி, பெர்த்ல இருக்கறவங்களுக்கு 12, ஊர்ல அண்ணனுக்குக் காலைல ஒன்பதரை. ரேஸ் மூணேகால் நிமிஷத்துல முடிஞ்சுடும், 1990-ல கிங்ஸ்டன் ரூல் 3 நிமிஷம் 16.3 செகண்ட்ல ஓடினதுதான் ரெக்கார்டு, அதனால "டீ போட்டுட்டு வர்றேன்"னு அண்ணனை எழுந்து போக விட்டுடாதீங்க.